அழுக்கு நீரை அளந்த கதை

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது தமிழ் மக்களிடையே வழங்கிவரும் பழமொழி. செல்வத்தைக் கணக்கின்றிச் செலவிடலாகாது என்பதே அதன் கருத்து. ஆயினும் நகரங்களும் ஆலைகளும் பெருகி, அவற்றின் கழிவெல்லாம் ஆறுகளைச் சென்றடையும் இக்காலத்தில், அப்பழமொழி சொல்லுக்குச் சொல் சட்டமாகவே ஆகிவிட்டது எனலாம். ஆற்றில் விடும் கழிவுநீரின் தன்மையை அளந்தே விடவேண்டும் என்று அரசாங்கங்கள் விதித்துள்ளன. அளப்பதற்குக் கருவிகளும் வந்துள்ளன. அக்கருவி காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இக்கேள்வி நேற்று எழுந்ததன்று. நூற்றெழுபது ஆண்டுகளாக அறிஞர்கள் இதனோடு போராடி வந்திருக்கின்றனர். அப்போராட்டத்தின் பெரும்பகுதி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. அதன் விளைவோ கடல்கடந்து வந்து, மலேசியச் செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்கள்வரை எட்டியிருக்கிறது.

தேம்ஸ் நதியில் வெள்ளை அட்டைகள்

1855ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆம் நாள் எழுதிய கடிதம் ஒன்றில், மின்சார ஆராய்ச்சியில் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே ஓர் எளிய சோதனையை விவரித்தார். லண்டன் பாலத்துக்கும் ஹங்கர்போர்டு பாலத்துக்கும் இடையே நீராவிப் படகில் சென்றபோது, வெள்ளை அட்டைகளைச் சிறு துண்டுகளாகக் கிழித்தார். எளிதில் மூழ்கும்படி அவற்றை நனைத்து, படகு நின்ற துறைதோறும் தண்ணீரில் இட்டார். வெயில் நன்றாக அடித்த வேளை அது. அவ்வாறிருந்தும், அட்டை ஓர் அங்குலம் மூழ்குமுன்னரே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. இச்செய்தியை அவர் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதி அனுப்பினார்.

பாரடேயின் அளவை எளியது, ஆனால் நேர்மையானது. எந்த இடம், எந்த நேரம், நீர் ஏற்றமா வற்றமா, வெயிலா மப்பா என்பனவற்றையெல்லாம் அவர் குறித்துக்காட்டினார். அதே இடத்தில் அதே நேரத்தில் வேறொருவரும் அட்டையைப் போட்டுப் பார்க்கலாம். அளவை ஒன்றை நம்புதற்குரிய முதல் இலக்கணம் இதுவே.

எனினும் அட்டை காட்டியது நீரின் கலங்கலை மட்டுமே. அதிலுள்ள தீங்கை அன்று. இதற்கு முந்திய ஆண்டில், அஃதாவது 1854இல், லண்டன் பிராட் தெருக் குழாயடி நீரைக் குடித்த பலர் வாந்திபேதி கண்டு மாண்டனர். டாக்டர் ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டிய சான்றுகளைக் கேட்டு அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்நீர் கலங்கிய நீரன்று; தெளிவுக்கும் சுவைக்கும் பெயர்பெற்றிருந்த நீர். கலங்கலை மட்டும் அளந்திருந்தால் அது மிக நல்ல நீர் என்றே முடிவாகியிருக்கும். அளந்த எண் சரியாகவே இருந்தாலும், அளக்க வேண்டியதை விட்டு வேறொன்றை அளந்தால் பயனில்லை.

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸின் நாற்றம் பாராளுமன்றத்திற்குள்ளேயே புகுந்தது. சுண்ணக் குளோரைடில் நனைத்த திரைகளைச் சன்னல்களில் தொங்கவிட்டும் பயனில்லாமற் போயிற்று. அதன்பின்னரே ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியியலாளரின் பெரும் சாக்கடைத் திட்டத்திற்கு வழி பிறந்தது. ஆனால் 1866இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் மறுபடியும் வாந்திபேதி தோன்றி ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை மாய்த்தது. குடிநீரில் சாக்கடை நீர் கலந்திருக்கிறதா என்பதைக் கண்டறியும் வழி உயிர்ப் பிரச்சினையாயிற்று.

இரு இரசாயன நிபுணரின் பூசல்

அவ்வழியைக் காட்ட இருவர் முன்வந்தனர். ஒருவர் எட்வர்டு பிராங்க்லண்ட். லண்டன் குடிநீரை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை தந்துவந்தவர் அவர். நீரை வற்றவைத்து, எஞ்சிய வண்டலை எரித்து, வெளிவரும் வாயுக்களிலிருந்து கரியையும் நைட்ரஜனையும் கணக்கிடுவது அவர் முறை. மற்றவர் ஜே. ஏ. வாங்க்ளின். காரமும் பெர்மாங்கனேட்டும் சேர்த்து நீரைக் காய்ச்சி வடித்து, வெளிவரும் அம்மோனியாவை நிறத்தால் அளப்பது அவர் 1867இல் தம் துணைவருடன் வெளியிட்ட முறை.

பிராங்க்லண்டின் முறைக்குச் செலவு மிகுதி. கைத்தேர்ச்சியும் மிகுதியாக வேண்டும். வாங்க்ளின் முறையை ஊருக்கு ஊர் இருந்த சாதாரண நிபுணரும் செய்யலாம். எனவே வாங்க்ளின் முறையே எங்கும் பரவியது. ஆனால் அது நீரிலுள்ள நைட்ரஜனில் ஒரு பகுதியையே வெளிக்கொணரும். அப்பகுதியும் பொருளுக்குப் பொருள் மாறும். பிராங்க்லண்டின் முறையிலோ, அளக்கும் அளவு மிகச் சிறிதாதலால், சிறு தவறும் பெரிதாகிவிடும் என்று எதிர்த்தரப்பார் வாதிட்டனர். ஒரே நீரை நன்றென்று ஒரு நிபுணரும் தீதென்று மற்றொரு நிபுணரும் சாட்சியம் கூறும் நிலை ஏற்பட்டது.

பூசலின் அடியில் இருந்த உண்மை ஒன்று. சதுப்பு நிலத்து மக்கிய இலையிலிருந்து வந்த கரிப்பொருளையும், மலத்திலிருந்து வந்த கரிப்பொருளையும் இரு முறைகளுமே பிரித்தறிய இயலாதவை. நோய்க்கிருமியையோ அவை காணவே மாட்டா. ராபர்ட் கோக் வாந்திபேதிக் கிருமியைப் பிரித்தறிந்தது 1884ஆம் ஆண்டை ஒட்டித்தான்.

மூடிய குப்பியும் ஐந்து நாளும்

இதற்கிடையில் பிராங்க்லண்ட் உறுப்பினராயிருந்த நதி மாசு ஆணைக்குழு வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டது. சாக்கடை நீர் ஆற்றில் சில மைல் ஓடினால் தானே தூய்மையாகிவிடும் என்று சில நிபுணர்கள் கூறிவந்தனர். சாக்கடை கலந்த நீரைக் குப்பிகளில் அடைத்து, நாள்தோறும் அதில் கரைந்துள்ள பிராணவாயு எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்தனர். அழுக்கை அரிக்கும் வேலை மிக மெதுவாகவே நடைபெறுவது தெரிந்தது. சாக்கடையைத் தானே தூய்மையாக்கிக்கொள்ளும் அளவுக்கு நீளமான ஆறு பிரிட்டனில் ஒன்றேனும் இல்லை என்று 1870இல் அக்குழு தீர்ப்புக் கூறியது.

இவ்வழியில் ஒரு நல்ல கருத்து பிறந்தது. நீரில் என்னென்ன பொருள் உள்ளது என்று ஆராய்வதைவிட, அந்நீர் ஆற்றின் பிராணவாயுவை எவ்வளவு உண்ணும் என்று அளப்பதே பொருத்தம். மீன் சாவதும் ஆறு நாறுவதும் பிராணவாயு குறைவதனால்தானே! கரைந்த பிராணவாயுவை அளக்கச் செம்மையான முறையை ஹங்கேரி நாட்டு லாயோஷ் விங்க்ளர் 1888இல் வெளியிட்டார். மாங்கனீசு உப்பைக் கொண்டு பிராணவாயுவைப் பிடித்து, அதற்கு ஈடான அயோடினை வெளிப்படுத்தி, அதனைச் சொட்டுச் சொட்டாக எதிர்மருந்து விட்டு அளக்கும் முறை அது.

1898இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அமைத்த சாக்கடை அகற்றல் அரச ஆணைக்குழு, 1912இல் வெளியிட்ட எட்டாவது அறிக்கையில் இச்சோதனையைச் சட்ட அளவையாக்கப் பரிந்துரைத்தது. பாரன்ஹீட் 65 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் வைத்திருந்தால், வெளிவிடும் கழிவுநீர் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயுவை உண்ணலாகாது என்றது. அதில் மிதக்கும் திண்பொருள் 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்றும் கூறிற்று. இங்கிலாந்தில் எந்த ஆற்று நீரும் கடலை அடைய ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பதே ஐந்து நாளுக்குரிய காரணமாகக் கூறப்படுவது வழக்கம்.

இருபது என்ற எண் எவ்வாறு வந்தது? சாதாரணக் கணக்குத்தான். தூய ஆற்றின் தேவை 2. ஆறு கெடாதிருக்கத் தாங்கும் எல்லை 4. ஒரு பங்கு கழிவுநீருக்கு எட்டுப் பங்கு ஆற்றுநீர் எனக் கொள்க. எட்டுப் பங்கு ஆற்றுநீரின் தேவை 16, கழிவுநீரின் தேவை 20, ஆக 36. ஒன்பது பங்கால் வகுத்தால் 4. எனவே எட்டுப் பங்கு நீர் இல்லாத சிற்றாற்றுக்கு இந்த இருபது பொருந்தாது. இந்நிபந்தனையை மறந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோர் பலர்.

சோதனையைச் சோதித்தல்

விங்க்ளர் முறை தெளிந்த நீரில் செம்மையாக வேலை செய்தது. கழிவுநீரிலோ சறுக்கியது. சுத்திகரித்த சாக்கடை நீரில் நைட்ரைட் என்னும் உப்பு இருக்கும். அதுவும் அயோடினை வெளிப்படுத்தும். எனவே நீரில் இல்லாத பிராணவாயு இருப்பதாகக் கணக்கு வரும். இக்குறையை நீக்க ஆல்ஸ்டர்பெர்க் என்பவர் 1925இல் சோடியம் அசைடைச் சேர்க்கும் முறையைக் கூறினார். இன்றும் ஆய்வுக்கூடங்களில் அம்முறை வழக்கிலுள்ளது.

இரண்டாவது குறை பெருக்கலில் உள்ளது. இருபது பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 9 மில்லிகிராமே. அழுக்கு மிகுந்த நீரை அப்படியே குப்பியில் அடைத்தால் அதிலுள்ள பிராணவாயு முழுவதும் தீர்ந்துபோகும். ஆகையால் நல்ல நீரைச் சேர்த்து ஐம்பது மடங்கு விளாவ வேண்டும். குப்பியில் பிராணவாயு 9லிருந்து 4க்கு இறங்கினால் வேறுபாடு 5; ஐம்பதால் பெருக்க 250. அவ்வாறானால், குப்பியை அளப்பதில் 0.2 தவறினாலும் விடையில் 10 தவறும்.

மூன்றாவது குறை, சோதனையைச் செய்வோர் உயிரினங்கள் என்பது. குப்பியிலுள்ள நுண்ணுயிர்களே அழுக்கை உண்கின்றன. நச்சு உலோகம் கலந்த ஆலைக்கழிவானால் அவை மடிந்துவிடும், பிராணவாயு குறையாது, மிகத் தீய நீர் மிகத் தூய நீர்போல் தோன்றும். இச்சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க அமெரிக்க ஆய்வுமுறை நூல், குளூக்கோசும் குளூட்டாமிக் அமிலமும் கலந்த நீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. விடை 198 வரவேண்டும், 30.5 கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை. அஃதாவது, 168க்கும் 228க்கும் இடையே எது வந்தாலும் ஏற்கத்தக்கதே. சட்டமும் அபராதமும் சார்ந்து நிற்கும் அளவையின் செம்மை இவ்வளவுதான் என்பதைச் சட்டம் செய்வோரும் அறிந்திருத்தல் நலம்.

இவற்றிற்கெல்லாம் மேலாக, விடை கிடைக்க ஐந்து நாள் ஆகிறது. அதற்குள் அந்நீர் கடலைச் சேர்ந்துவிடும்.

கண் இமைக்காத காவலன்

1914இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர், சாக்கடை நீரில் காற்றை ஊதி, உயிருள்ள சேற்றைப் பெருக்கி, அதனாலேயே அழுக்கைத் தின்னவைக்கும் முறையை அறிவித்தனர். உலகின் பெருநகர்கள் பல இன்று கையாள்வது இதன் வழிவந்த முறைகளையே. இதில் காற்று ஊதுவதற்கே நிலையத்தின் மின்செலவில் ஏறத்தாழப் பாதி போய்விடும். எவ்வளவு ஊதுவது என்று அறிய, தொட்டியில் பிராணவாயு எவ்வளவு என்று நொடிக்கு நொடி தெரியவேண்டும். குப்பியையும் மருந்தையும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

அதற்கு வழி மருத்துவத் துறையிலிருந்து வந்தது. அமெரிக்கரான லீலண்ட் கிளார்க், இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்க முயன்றார். பிளாட்டின முனையைக் குருதியில் அப்படியே வைத்தால் புரதப் பொருள்கள் அதன்மேல் படிந்து அதைக் கெடுத்தன. 1954இல் அவர் முனையைப் பாலித்தீன் தாளால் மூடினார். பிராணவாயு தாளின் வழியே உட்புகுந்தது. மாசுகள் வெளியே நின்றன. 1956இல் வெளியான இக்கருவி விரைவில் ஆற்றுக்கும் சாக்கடைக்கும் சென்றது.

ஆனால் கருவிக்கு அளவு கற்பிக்க ஓர் உரைகல் வேண்டும். காற்று நிறைந்த தூய நீரில் இவ்வளவு பிராணவாயு இருக்கும் என்னும் அட்டவணையே அந்த உரைகல். 1955இல் பிரிட்டனில் ட்ரூஸ்டேல், டவுனிங், லௌடன் என்னும் மூவர் அவ்வட்டவணையைத் திருத்தி, இருபது பாகையில் 8.84 என்றனர். 1964இல் மாண்ட்கோமரியும் துணைவரும் மறுபடி அளந்து, ஏறத்தாழ 9.1 என்று கண்டனர். இன்று எங்கும் ஏற்கப்படுவது 9.09. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய திருத்தத்தை நம்பிச் சரிபார்த்த கருவிகள், தம்மிடம் ஒரு குறையும் இல்லாமலே, நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் பிசகாகக் காட்டியிருக்கும். உரைகல்லே பிழைபட்டால் பொன்னை என்ன சொல்வது?

வழுக்கும் பாசி

தெளிந்த நீரில் திறம்பட வேலை செய்யும் கருவி, கழிவுநீரில் வேறு விதமாக நடக்கிறது. கருவியின் முகத்தில் சில நாட்களில் நுண்ணுயிர்ப் பாசி படர்கிறது. அப்பாசியே பிராணவாயுவை உண்கிறது. எனவே தொட்டியில் 2 இருக்கும்போது கருவி 1 என்று காட்டலாம். உடனே இயந்திரம் காற்றை மிகுதியாக ஊதும், மின்சாரம் வீணாகும். மாறாகக் கருவி மிகுத்துக் காட்டினால் காற்றுக் குறையும். அம்மோனியா மாற்றமடையாமல் ஆற்றைச் சென்றடையும். ஒரு விரற்கடை அளவுள்ள தாளின்மேல் படிந்த வழுவழுப்பு, ஓர் ஊரின் மின்கட்டணத்தையும் ஓர் ஆற்றின் மீனையும் பாதிக்கிறது.

கிளார்க் முறைக் கருவி தானும் பிராணவாயுவைச் செலவிடுவது. எனவே அதன் முன்னால் நீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். 2000ஆம் ஆண்டுக்குப்பின் ஒளியால் அளக்கும் கருவிகள் கழிவுநீர் நிலையங்களில் பரவின. பிராணவாயு ஒளிர்வை மங்கவைக்கும் என்று 1930களில் கௌட்ஸ்கி கண்ட உண்மையே இவற்றின் அடிப்படை. இவை பிராணவாயுவைச் செலவிடுவதில்லை. நெடுநாள் அளவு பிசகாமல் நிற்கின்றன. ஆயினும் பாசி இவற்றையும் விடுவதில்லை. அம்மோனியம் அளக்கும் முனையோ பொட்டாசியத்தையும் அம்மோனியமாக எண்ணிவிடும்.

இதற்கு மாற்று என்ன? முதலாவது துடைத்தல். இரண்டாவது, அதே இடத்தில் அதே நேரத்தில் வேறொரு கைக்கருவியால் அளந்து ஒப்பிடுதல். மூன்றாவது, வேறுபாட்டை ஏட்டில் எழுதிவைத்தல். சிறிது வேறுபட்டாலே கருவியைத் திருகித் திருத்துவது பல இடங்களில் வழக்கம். இது பிழையைக் கூட்டவே செய்யும். இயல்பான ஏற்றத்தாழ்வு எது, உண்மையான பிசகு எது என்று பிரித்தறிய, 1924இல் அமெரிக்கரான வால்டர் ஷூவார்ட் தொழிற்சாலைகளுக்காக வகுத்த எல்லைக்கோட்டு வரைபடம் இங்கும் துணைசெய்கிறது. வேறுபாடு கோட்டைத் தாண்டினாலன்றிக் கருவியைத் தொடலாகாது.

இரு கருவிகள் ஒரே எண்ணைக் காட்டுவதாலேயே அது உண்மையாகிவிடாது. ஒரே பாசியில் மூழ்கிய இரண்டும் ஒரே பக்கமாகப் பிசகும். ஆடாமல் அசையாமல் நேர்கோடாக ஓடும் அளவும் ஐயத்துக்குரியதே. மக்கள் எழுந்து குளிக்கும் காலையிலும், வீடு திரும்பும் மாலையிலும் சாக்கடை பெருகும், நள்ளிரவில் குறையும். இவ்வேறுபாடு தெரியாத கருவி பெரும்பாலும் கந்தல் சுற்றியோ சேற்றில் புதைந்தோ கிடக்கும். இத்தகைய கருவிகளைச் சோதிக்கும் வழிமுறைகளை அனைத்துலகத் தர அமைப்பு 2003இல் தன் 15839ஆம் எண் விதியில் வகுத்தது. ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றி, வேலை செய்யும் இடத்திலும் சோதிக்கவேண்டும் என்பது அதன் சிறப்பு.

செம்பனைக் குளக்கரை

மலேசியாவில் 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977இல் அதன்கீழ்ச் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிகளும் வந்தன. ஆலையின் கழிவுநீர் லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் பிராணவாயுவை உண்ணவல்லது. அரச ஆணைக்குழு விதித்த இருபதைப்போல் ஆயிரத்திருநூற்றைம்பது மடங்கு. விதிகள் முதலில் 5,000 வரை அனுமதித்து, ஆண்டுக்காண்டு இறுக்கி, 1984இல் 100க்குக் கொண்டுவந்தன. உரிமக் கட்டணமும் கழிவின் சுமையைக் கணக்கிட்டே விதிக்கப்பட்டது. ஆதலால் குப்பியில் வரும் எண்ணைப் பொறுத்தே ஆலையின் செலவும் ஆற்றின் வாழ்வும் அமைந்தன.

இங்கே ஒரு சிறப்பு உண்டு. அந்த விதிகள் ஆங்கிலேயரின் ஐந்து நாளை அப்படியே ஏற்கவில்லை. முப்பது பாகை வெப்பத்தில் மூன்று நாள் என்று வகுத்தன. வெப்ப நாட்டில் நுண்ணுயிர்கள் விரைந்து உண்ணும். முப்பது பாகையில் மூன்று நாளில் நடப்பது, இருபது பாகையில் ஐந்து நாளில் நடப்பதற்கு ஏறத்தாழ ஈடாகும். இந்தியாவும் 27 பாகையில் மூன்று நாள் என்று வகுத்துக்கொண்டது. மலேசியாவின் 2009ஆம் ஆண்டுச் சாக்கடை விதிகளோ இருபது பாகையில் ஐந்து நாள் என்ற பழைய முறையையே கொண்டன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடும் கழிவுக்கு அவை விதித்த எல்லை 20. தேம்ஸ் நாட்டில் 1912இல் எழுந்த அதே எண்! ஆனால் அதனோடு பிறந்த எட்டுப் பங்கு ஆற்றுநீர் இருக்கிறதா என்று ஒவ்வோர் ஆற்றங்கரையிலும் பார்த்துக்கொள்ள வேண்டியதே.

சிங்கப்பூரில் 2003இல் தொடங்கிய நியூவாட்டர் நிலையங்கள், சுத்திகரித்த கழிவுநீரை மேலும் தூய்மையாக்கி மீண்டும் பயனுக்குக் கொண்டுவருகின்றன. அங்கே கருவிகளின் சொல் இன்னும் கனமானது. ஒரே கருவியை நம்பாமல், தடுப்புக்குமேல் தடுப்பும் சோதனைக்குமேல் சோதனையும் வைத்திருப்பது இதனாலேயே.

பாரடேயின் அட்டை முதல் ஒளிக்கருவிவரை வந்த ஒவ்வோர் அளவையும் ஓர் உண்மையைக் காட்டி, வேறோர் உண்மையை மறைத்தது. மறைத்ததைக் கண்டுபிடித்தவர்கள் அளவையைத் தூக்கி எறியவில்லை. அதன் எல்லையை எழுதிவைத்து, அதற்குத் துணையாக இன்னொன்றைச் சேர்த்தார்கள். கடைக்காரர் வைத்திருக்கும் படிக்கும் தராசுக்கும் அரசாங்க முத்திரை உண்டா என்று நம் மக்கள் கேட்கிறார்கள். ஆற்றை அளக்கும் கருவியைக் குறித்தும் அதே கேள்வி கேட்கத்தக்கது. கடைசியாக அதைத் துடைத்தது எப்போது, எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள், ஏடு எங்கே என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை உள்ள நிலையத்தின் எண்ணை நம்பலாம். ஆற்றில் போடுவதை அளந்து போடுவதோடு, அளக்கும் படியையும் அடிக்கடி அளந்து பார்ப்பதே அறிவுடைமை.